மூன்றாம் மாடிப் பாட்டியிடம் ஒரு பேட்டி

"சித்தி, திங்கக்கிழமை வரலாறு திரட்டேடு அனுப்பணும். தலைப்பு 'நான் வாழும் இடம்'. இணையத்துல பார்த்து பிரிண்ட் எடுத்துத் தர்றீங்களா?"

கேட்டவன் நான்காம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகன். நான்காம் ஆண்டில்தான் வரலாறு தனிப்பாடமாகத் தொடங்குகிறது. முதலில் வருபவை குடும்பம், பள்ளி, வாழும் இடம். கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடத்தை, வெட்டி ஒட்டும் வேலையாக நாமே மாற்றிவிட்டோம்.

"பிரிண்ட் அப்புறம். நம்ம ஊரைப் பத்தி உனக்கு என்ன தெரியணும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "பண்டார் உத்தாமாவில இருக்கிற தமிழ்ப்பள்ளிக்கு ஏன் எஃபிங்காம்னு பேரு?"

நல்ல கேள்வி! பெட்டாலிங் ஜெயாவின் பிறப்பே அதில் இருக்கிறது. கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க, 1950களின் தொடக்கத்தில் சுமார் 1,200 ஏக்கர் எஃபிங்காம் ரப்பர் தோட்ட நிலத்தில்தான் இந்த நகரம் உருவானது. முதல் வீடுகள் ஜாலான் ஒத்மான் பகுதியில் எழுந்தன. பண்டார் உத்தாமாவும் பின்னாளில் எஃபிங்காம் தோட்டத்தில் எழுந்ததுதான். தோட்டம் மறைந்தாலும் பெயரைப் பள்ளி காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதை நான் சொல்லி முடித்திருந்தால் அவன் எழுதிவிட்டு மறந்திருப்பான். அதனால் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருக்கும், தோட்டத்தில் வளர்ந்த பாட்டியிடம் அழைத்துப் போனேன். போகுமுன் வானொலியில் நான் கற்ற மூன்றை அவனுக்குச் சொன்னேன். 'ஆமாம், இல்லை' என்று முடிகிற கேள்வி வேண்டாம். பதில் வரும்வரை காத்திரு. கேட்டதைச் சரிபார்.

"தோட்டத்துல காலையில முதல்ல என்ன சத்தம் கேக்கும், பாட்டி?"

பாட்டி பேசவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் கைகாட்டி அமர்த்தினேன். பிறகு பெரட்டு மணி வந்தது, லயத்து வீடு வந்தது, இருட்டில் பால்மரக் காட்டுக்கு நடந்த அம்மாவும் வந்தார்.

தோட்டத்தை விட்டு வந்த ஆண்டைக் கேட்டபோது, "பெரியவன் ஒண்ணாம் வகுப்பு போன வருஷம்" என்றார் பாட்டி. பையன் விடவில்லை. பெரியவரின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தான், 1979. ஏழு வயதில் பள்ளி, அப்படியென்றால் 1986. அன்று அவன் செய்த கணக்குதான் வரலாற்று ஆய்வு.

பெற்றோர்களே, இதற்குச் செலவு எதுவுமில்லை. பிள்ளையிடமிருந்து ஒரு கேள்வி, வீட்டருகே ஒரு மூத்தவர், கைப்பேசியில் குரல் பதிவு, சரிபார்க்க ஒரு பத்திரமோ பழைய படமோ போதும். கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும். எழுத்துப் பிழையோடு என்றாலும் அவனே எழுதட்டும். பதிவு செய்யுமுன் பெரியவரிடம் அனுமதி கேட்கவும் பழக்குங்கள்.

ஆனால் தள்ளிப் போடாதீர்கள். தோட்ட வாழ்க்கையை நேரில் கண்டவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி எந்த இணையத்திலும் இல்லை.

திரட்டேட்டின் கடைசிப் பக்கத்தில் 'தகவல் தந்தவர்' என்ற இடத்தில் அவன் எழுதியிருந்தான்: 'மூன்றாம் மாடிப் பாட்டி. இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது.'