ஒய்தா: கண்டதால் தெரியும்

‘தூரத்தில் கோபுரம் தெரிகிறது’ என்கிறோம். ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்றும் சொல்கிறோம். கண்ணில் படுவதற்கும் மனத்தில் இருப்பதற்கும் ஒரே வினை. பழைய கிரேக்கத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு: ‘ஒய்தா’. எனக்குத் தெரியும் என்று பொருள்.

பொருள் நிகழ்காலம், ஆனால் இந்த வினைக்கு நிகழ்கால வடிவமே கிடையாது. கிரேக்கத்தில் ‘கிராஃபோ’ என்றால் எழுதுகிறேன், ‘கெக்ரஃபா’ என்றால் எழுதியிருக்கிறேன். ஒய்தா இந்த இரண்டாவது வகை. அதன் வேர் ‘வித்’, பார்த்தல். பார்த்தாயிற்று, அதனால் தெரியும். நம் ‘தெரியும்’ மட்டும் என்னவாம்? ‘நாளை மழை வரும்’ என்பதில் உள்ள அதே ‘உம்’மை வைத்துக்கொண்டுதான் இன்றைய நிலையைச் சொல்கிறது.

கெக்ரஃபாவில் முதல் ஒலி இரட்டித்திருப்பதைக் கவனியுங்கள். இவ்வகை வினைகளின் பொது வழக்கம் அது. ஒய்தாவில் அது இல்லை. சமஸ்கிருதத்தில் அதே வேரிலிருந்து வந்த ‘வேத’ (எனக்குத் தெரியும்) என்ற வினையிலும் இல்லை. பன்மைக்குப் போனால் உயிரொலியும் ஒரேபோல மெலிகிறது: ஹோமரில் ஒய்தா, இத்மென், சமஸ்கிருதத்தில் வேத, வித்ம, ஜெர்மனில் வைஸ், விஸ்ஸன். ஆயிரக்கணக்கான மைல் விலகிப்போன மொழிகள் ஒரு வினையின் சின்ன விதிவிலக்கைக்கூடத் தவறவிடாமல் காத்துவைத்திருக்கின்றன. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஒய்தாவின் தலையில் இருந்த ‘வ’ பிற்காலத்தில் உதிர்ந்துவிட்டது. அது இருந்ததற்குக் களிமண்ணே சாட்சி. கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில், கி.மு. 1200 அளவில் எழுதிய களிமண் ஏடு ஒன்றில், பாத்திரங்களைப் பார்வையிட்ட கணக்கு இருக்கிறது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தின் புதிரை அவிழ்த்த பிறகு, அந்த ஏட்டின் முதல் வரியிலேயே ‘விதெ’ என்று படிக்க முடிந்தது: பார்த்தார்.

நாம் அன்றாடம் சொல்லும் வித்தை, ஐடியா, வீடியோ மூன்றும் இந்த வேரின் கிளைகளே.

தெரிந்துகொள்வதற்குக் கிரேக்கர் ‘கிக்னோஸ்கோ’ என்று வேறொரு வினை வைத்திருந்தார்கள். முன்பு தெரியாதது இப்போது பிடிபடுகிறது என்றால் அது. ஒய்தாவில் அந்த நகர்வு இல்லை. ஏற்கெனவே தெரிந்திருக்கும் நிலை மட்டுமே.

இன்றைய கிரேக்கர் ‘க்ஸேரோ’ என்கிறார்கள். பழைய வினை ஒரு மரபுத்தொடரில் இன்னும் உயிரோடிருக்கிறது. விடை தெரியாத கேள்விக்கு ‘கீரியோஸ் ஈதே’ என்பார்கள். தமிழில் சொன்னால், ஆண்டவனுக்கே வெளிச்சம்.