சூடேற்றினால் சுருங்கும் திடப்பொருள்!

சென்ற ஆண்டு படிவம் இரண்டு மாணவர்களுக்கு அறிவியல் தேர்வில் ஒரு சரி, பிழை கேள்வி கொடுத்திருந்தேன். 'எல்லாத் திடப்பொருள்களும் சூடாக்கினால் விரிவடையும்.' வகுப்பில் ஒரே ஒரு மாணவர் மட்டும் 'பிழை' என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் கோடு போட்டு ஒரு மதிப்பெண்ணைக் கழித்தேன்.

மறுநாள் அவர் தாளோடு வந்தார். "சார், சில பொருள் சூடானா சுருங்கும்னு படிச்சேன்" என்றார். "பாடநூல்ல என்ன இருக்கு, அதைப் பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால், அவர் முகம் வாடிப்போனது மனத்தை உறுத்தியது. அன்றிரவு தேடிப் படித்தேன். பிழை அவருடையதன்று, என்னுடையது!

மாணவர்களே, அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் அறிவியலைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பொதுவாக ஏன் விரிவடைகின்றன?

ஒரு பொருள் சூடானால் அதிலுள்ள அணுக்கள் பெரிதாகிவிடுவதில்லை. பலர் தேர்வில் இப்படி எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். திடப்பொருளில் அணுக்கள் தத்தம் இடத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. சூடு கூடக் கூட அதிர்வும் கூடுகிறது.

இரண்டு அணுக்கள் மிகவும் நெருங்கினால் விலக்குவிசை கடுமையாகத் தடுக்கும். அவை விலகிப் போகும்போது இழுத்துப் பிடிக்கும் விசையோ அவ்வளவு கடுமையானதன்று. ஆகவே, அதிர்வு கூடும்போது அணுக்கள் நெருங்குவதைவிட விலகுவதே அதிகம். சராசரி இடைவெளி கூடுகிறது, பொருள் விரிவடைகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியின் வெப்பநிலையை 100 பாகை செல்சியஸ் உயர்த்தினால், அது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். தண்டவாளத்திலும் பாலத்திலும் இடைவெளி விடுவது இதனால்தான்.

எதிர்த்திசையில் போகும் படிகம்

இப்போது சிர்கோனியம் டங்ஸ்டேட் என்னும் படிகத்தைப் பாருங்கள். இதைப் பற்றி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்லெய்ட்டும் அவருடைய குழுவினரும் 1996ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' ஆய்விதழில் எழுதினர். தனிப்பூச்சிய வெப்பநிலையை ஒட்டிய கடுங்குளிரிலிருந்து 777 பாகை செல்சியஸ் வரை, சூடேற்ற ஏற்ற இப்படிகம் சுருங்கிக்கொண்டே போகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவில் குறைகின்றன. அறை வெப்பநிலையில் இருக்கும் ஒரு மீட்டர் கம்பியை 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், அது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் குறுகும்.

தண்ணீரும் 0 முதல் 4 பாகை செல்சியஸ் வரை சூடேறும்போது சுருங்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால், அது நீர்மம். சுருங்குவதும் நான்கே பாகைக்குத்தான். இந்தத் திடப்பொருளோ ஆயிரம் பாகைக்கு மேல் சுருங்குகிறது.

கயிறு சொல்லும் விடை

காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு கயிறு போதும். நீங்கள் ஒரு முனையையும் உங்கள் நண்பர் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு, கயிறு விறைப்பாகும் வரை விலகி நில்லுங்கள். இப்போது கயிற்றைச் சுழற்றுங்கள். முடியவில்லை, அல்லவா? கயிறு சுழல வேண்டுமானால் இருவரும் சற்று நெருங்கி வர வேண்டும். வீச்சு பெரிதாகப் பெரிதாக இன்னும் நெருங்க வேண்டும். கயிற்றின் நீளம் குறையவில்லை. உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள தூரம்தான் குறைந்தது.

சிர்கோனியம் டங்ஸ்டேட்டிலும் இதுவே நடக்கிறது. ஒரு சிர்கோனியம் அணுவைச் சுற்றி ஆறு உயிர்வளி அணுக்கள் இருக்கின்றன. ஒரு டங்ஸ்டன் அணுவைச் சுற்றி நான்கு. இந்த எண்முகிகளும் நான்முகிகளும் மூலையோடு மூலை தொட்டு இணைந்திருப்பதால், நடுவில் காலியிடம் நிறைய இருக்கிறது. இரண்டு உலோக அணுக்களுக்கு நடுவே பாலமாக நிற்கும் உயிர்வளி அணு, சூடேறியதும் பக்கவாட்டில் அதிர்கிறது. பிணைப்பு வலுவானது, எளிதில் நீளாது. ஆகவே இரு பக்கமும் உள்ள உலோக அணுக்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. படிகம் முழுவதும் இப்படி நடந்தால் மொத்தப் பொருளும் சுருங்கத்தானே செய்யும்!

மற்றத் திடப்பொருள்களிலும் பக்கவாட்டு அதிர்வு உண்டு. ஆனால், பெரும்பாலானவற்றில் விரிவடையும் போக்கே வென்றுவிடுகிறது.

இதனால் என்ன பயன்?

சுடச்சுட நீரை ஊற்றினால் கண்ணாடிக் குவளை சில வேளைகளில் விரிசல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உட்பக்கம் விரிய, வெளிப்பக்கம் விரியாமல் நிற்பதே காரணம். ஆனால், கண்ணாடித் தட்டு போன்ற மேற்பரப்புள்ள மின்சார அடுப்பு செந்நிறமாகச் சூடானாலும் உடைவதில்லை. அந்தத் தட்டு கண்ணாடிப் பீங்கானால் ஆனது. அதற்குள் இருக்கும் நுண்படிகங்கள் சூட்டில் சுருங்க, அவற்றுக்கு இடையிலுள்ள கண்ணாடி விரிவடைய, ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. தட்டின் அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை.

சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள நான்கு பெரிய தொலைநோக்கிகளின் முதன்மைக் கண்ணாடிகளும் இவ்வகைப் பொருளால் ஆனவையே. ஒவ்வொன்றும் 8.2 மீட்டர் விட்டம் கொண்டது. இரவில் வெப்பநிலை மாறும்போது கண்ணாடியின் வடிவம் சிறிதளவு மாறினாலும் விண்மீனின் உருவம் கலங்கிவிடும்.

சரி, அந்த மாணவர்? மறுநாளே வகுப்பின் முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். இவ்வாண்டுக் கேள்வித்தாளில் 'எல்லா' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பெரும்பாலான' என்று போட்டிருக்கிறேன். 'எல்லா' என்று தொடங்கும் வாக்கியத்தை அடுத்த முறை காணும்போது, அது உங்கள் ஆசிரியர் எழுதியதாக இருந்தாலும் சரி, ஒருமுறை கையை உயர்த்திக் கேளுங்கள்.