ரிட்டெய்னர் கட்டணமும் ஒப்பந்த வாசகமும்

தவணையிட்ட கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். நம்மவர் அனைவரும் இதனை அறிவர். ஆயினும் எழுதுவது மட்டும் போதுமா? எழுதிய சொல் இரு பொருள் தருமாயின் சச்சரவுக்கு அதுவே வித்தாகிவிடுகிறது. தொழில்முறைச் சேவை ஒப்பந்தங்களில் இடம்பெறும் 'ரிட்டெய்னர்' அத்தகைய சொற்களுள் ஒன்று.

ஆம்பூர்த் தோல் வணிகர் ஒருவர் சென்னைச் சட்ட ஆலோசகர் ஒருவருக்கு மாதம் ரூ. 20,000 ரிட்டெய்னர் தர ஒப்புக்கொள்வதாகக் கொள்வோம். ஆறு மாதம் வேலை எதுவும் எழவில்லை. வணிகர் ரூ. 1,20,000ஐத் திருப்பிக் கேட்கிறார். தாம் ஆயத்தமாக இருந்ததற்கான ஊதியம் அது என்கிறார் ஆலோசகர். இருவரும் நேர்மையாளரே, குறை வாசகத்தில் இருக்கிறது.

இச்சொல் மூன்று பொருள்களில் வழங்குகிறது. ஒன்று, அழைத்தபோது கிடைப்பதற்கான கட்டணம். இரண்டு, செய்யப்போகும் பணிக்கான முன்பணம். இது பின்னர்ப் பட்டியல் தொகையில் கழிக்கப்படும். மூன்று, இறுதிப் பட்டியல் தீரும்வரை வைத்திருக்கும் ஈட்டுத்தொகை. முதலாவது, காலம் கடந்ததும் ஆலோசகருக்கு உரியதாகிறது. மற்ற இரண்டிலும் எஞ்சிய தொகை வணிகருடையதே.

இவ்வேறுபாட்டை ஃபிக்ஹ் நூலோர் முன்பே ஆராய்ந்துள்ளனர். ஹனஃபி மத்ஹபைத் தழுவி உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை வெளியான 'மஜல்லா' சட்டத் தொகுப்பு, கூலிக்கு அமர்த்தப்படுவோரை இரு வகையாகப் பிரிக்கிறது. ஒருவருக்கு மட்டுமே பணிபுரிபவர் 'அஜீர் காஸ்'. அவர் குறித்த காலத்தில் ஆயத்தமாக இருந்தாலே ஊதியத்துக்கு உரியவர். எனினும் பணியை மறுத்தால் அவ்வுரிமை இல்லை. பலருக்கும் பணிபுரிபவர் 'அஜீர் முஷ்தரக்'. அவருக்கு வேலையைச் செய்தால்தான் ஊதியம். நம் ஆலோசகர் பலருக்கும் பணிபுரிபவர். எனவே, இன்ன அளவு நேரம் இவ்வணிகருக்கென்றே ஒதுக்கப்பட்டது என்று எழுதினால்தான் காத்திருப்புக் கட்டணம் வலுவான அடிப்படை பெறும் என்பது நம் கருத்து.

'எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்னும் தொடரைப் பலர் அரணாகக் கருதுகின்றனர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்த மீறலுக்கெனத் தொகை குறிக்கப்பட்டிருப்பினும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. ஃபிக்ஹிலும், வாங்குபவர் விலகினால் முன்பணத்தை இழக்கும் 'உர்பூன்' வணிகத்தை ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபுகள் ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹபு ஏற்கிறது. எனவே தொகை எதற்கான பிரதிபலன் என்பதைச் சொல்வதே உண்மையான அரண்.

மாதிரி வாசகம் ஒன்றை இங்கே தருகிறோம்:

"ஆலோசகர் மாதந்தோறும் 10 மணி நேரத்தை நிறுவனத்துக்கென ஒதுக்கி வைப்பார். அவ்வொதுக்கீட்டுக்காக நிறுவனம் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள், வரி நீங்கலாக, ரூ. 20,000 செலுத்தும். எழுத்துமூலம் கோரிய 2 வேலை நாட்களுக்குள் ஆலோசகர் பணியைத் தொடங்குவார். தவறினால் அம்மாதக் கட்டணம் அவருக்கு உரியதாகாது. பயன்படுத்தாத நேரம் அடுத்த மாதத்துக்குச் சேராது. 10 மணி நேரத்துக்கு மேற்பட்ட பணிக்கு, மணி ஒன்றுக்கு ரூ. 2,500 தனியே செலுத்தப்படும். 30 நாள் முன்னறிவிப்புடன் இரு தரப்பில் எவரும் விலகலாம்; விலகிய நாளுக்குப் பிந்தைய காலத்துக்கெனப் பெற்ற தொகை 15 நாட்களுக்குள் திருப்பித் தரப்படும்."

முன்பணமே நோக்கமாயின், முதல் இரு வாக்கியங்களுக்கு மாறாக, 'இத்தொகை செய்த பணிக்கான பட்டியல்களில் கழிக்கப்படும். எஞ்சியது திருப்பித் தரப்படும்' என்று எழுதி, நேர ஒதுக்கீட்டைப் பற்றிய பிற தொடர்களையும் நீக்கிவிட வேண்டும். இரண்டையும் கலந்து எழுதுவதே வழக்குக்கு வழி.

மேற்கண்ட வசனம், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லட்டும் என்று பணிப்பது சிந்தனைக்குரியது. கையொப்பத்துக்கு முன் பணம் செலுத்துபவரே இப்பிரிவின் பொருளைத் தம் சொற்களில் கூறட்டும். அவர் கூறுவதும் தாளில் உள்ளதும் ஒன்றாயின் ஒப்பந்தமும் நிலைக்கும், நட்பும் நிலைக்கும்.