பழ வாசனை வீசும் பியர்: நாக்கை நம்பலாமா?



"கோதுமையும் பழமும்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது?" பழச்சுவை கோதுமை பியரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழும் கேள்வி இது. மதுவைத் தொடாதவர்களிடம்கூட 'ஜூஸ் மாதிரிதான்' என்று சொல்லி இதை நீட்டுகிறார்கள். அந்தக் குவளைக்குள் என்னதான் இருக்கிறது என்று இன்று பார்ப்போம்.

தாங்களே பியர் தயாரித்து அங்கேயே பரிமாறும் மதுக்கூடங்கள் சிங்கப்பூருக்குப் புதியவை அல்ல. கிளார்க் கீ அருகே ஆற்றோரத்தில் 'புரூவர்க்ஸ்' 1997ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. மரினா பே நிதி நிலையத்தின் 33வது மாடியில் 'லெவல் 33' 2010ல் வந்தது. இத்தகைய இடங்களில் சிறிய அளவில் தயாரிப்பதால், மாம்பழம், லைச்சி என்று புதுப்புதுச் சுவைகளை முயன்று பார்க்க முடிகிறது.

சரி, கோதுமை எதற்கு? பியர் பெரும்பாலும் முளைகட்டிய பார்லியில் தயாராகிறது. ஜெர்மானியக் கோதுமை பியரில் குறைந்தது பாதியாவது கோதுமை இருக்கும். கோதுமையில் புரதம் அதிகம். அதனால்தான் அந்தக் கலங்கலான நிறமும் கெட்டியான நுரையும். கசப்பு தரும் ஹாப்ஸ் பூவையும் குறைவாகவே சேர்ப்பார்கள். கசப்பு அடங்கியிருப்பதால் பழத்தின் மணம் தூக்கலாகத் தெரிகிறது.

முகர்ந்து பார்த்தால் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வரும். ஆனால் இரண்டையும் யாரும் போடவில்லை! அது ஈஸ்ட் செய்யும் வேலை. பழுத்த வாழைப்பழத்தில் உள்ள ஐசோஅமைல் அசிடேட் என்ற அதே மணப்பொருளை ஈஸ்ட்டும் உண்டாக்குகிறது.

உண்மையான பழத்தை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். பியர் நொதிக்கும்போதே சேர்த்தால், பழத்திலுள்ள சர்க்கரையையும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். மணம் நிற்கும், இனிப்பு போய்விடும். கள்ளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காலையில் இனிக்கும் கள் மாலையில் புளிக்கிறது, போதையும் ஏறுகிறது. இனிப்பு குறையக் குறைய ஆல்கஹால் கூடுகிறது. நொதித்து முடிந்த பிறகு பழக்கூழோ பாகோ சேர்த்தால் இனிப்பு அப்படியே இருக்கும். ஆனால் பியரில் ஏற்கெனவே உள்ள ஆல்கஹால் எங்கும் போய்விடாது. இனிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். ஆக, இரண்டிலும் நாக்கு நமக்குச் சரியான கணக்கைச் சொல்வதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள அரை லிட்டர் பியரில் 25 மில்லிலிட்டர் ஆல்கஹால் இருக்கிறது. எடையில் ஏறத்தாழ 20 கிராம். உடல் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஒரு குவளை முழுதாகக் கரைய இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். காப்பி குடித்தாலும் முகம் கழுவினாலும் அந்த நேரம் குறையாது.

சிங்கப்பூரில் வாகனமோட்டியின் 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். மலேசியா 2020ல் தன் வரம்பை 22 மைக்ரோகிராமாகக் குறைத்தது. பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வண்டியோட்டுவோர் இதை மறந்துவிடக் கூடாது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் அறிவித்ததையும் நினைவில் கொள்ளவேண்டும்.

குடிப்பதும் குடிக்காததும் பெரியவர்களின் சொந்த முடிவு. ஆனால் தெரிந்து எடுப்பதுதான் முடிவு. விருந்தில் கர்ப்பிணிகள் இருக்கலாம், மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கலாம், வண்டியோட்ட வேண்டியவர்கள் இருக்கலாம். 'ஜூஸ் மாதிரி' என்று சொல்லி யாருக்கும் ஊற்றாதீர்கள். சுவைக்க விரும்புவோர் முதல் மிடறுக்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதில் ஆல்கஹால் எத்தனை விழுக்காடு? இன்றிரவு வண்டியை ஓட்டப் போவது யார்?