கச்சேரி நின்றது, கேமரா நிற்கவில்லை!

மயிலாப்பூரில் மாமியார், கணவர், மகளோடு வசிக்கும் குடும்பத்தலைவி நான். கர்நாடக சங்கீதக் கச்சேரிகளைப் படம் பிடிப்பது என் தொழில். மாதச் சம்பளம் கிடையாது. சபாக்காரர்களோ, கலைஞர்களோ கூப்பிட்டால் போவேன். எடுத்துக் கொடுத்த படத்துக்குத்தான் காசு.

தையல், மெஹந்தி, பலகாரம் என்று, யாராவது கூப்பிட்டால் மட்டுமே வேலை இருக்கும் சகோதரிகள் நம்மில் நிறையப் பேர். அந்த வேலை அடியோடு நின்று போனால், கைத்திறனையும் மனசையும் எப்படிக் காப்பாற்றிக் கொள்வது? கொரோனா ஊரடங்கில் நான் கற்றுக் கொண்டதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கச்சேரியில் படம் எடுப்பது, கல்யாணத்தில் எடுப்பது மாதிரி இல்லை. ஃப்ளாஷ் போடக் கூடாது. பாடுபவரின் கவனம் கலைந்து விடும். மேடையில் இருக்கிற மங்கலான வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும். தம்புரா மீட்டும் விரலை நிதானமாக எடுக்கலாம். மிருதங்கத்தில் ஓடும் விரல்களோ, நொடியில் 250-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் பிடித்தால்தான் துலக்கமாக விழும். இதற்கெல்லாம் கண்ணும் கையும் தினமும் பழகிக் கொண்டே இருக்க வேண்டும். சாதகம் பாடகருக்கு மட்டும் இல்லை, எனக்கும் உண்டு.

2020 மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 2-ம் தேதி ஸ்ரீராமநவமி. அதையொட்டி நான் ஒப்புக் கொண்டிருந்த கச்சேரிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. முந்தைய மார்கழிக்கு ஒரு சபா தர வேண்டிய பாக்கியும் வரவில்லை. என் கணவருக்குப் பாதிச் சம்பளம். மகளின் ஸ்கூல் ஃபீஸ் என் டிசம்பர் வருமானத்தில் இருந்துதான் போகும். அதுவும் கேள்விக்குறியானது.

நான் கேமராவைத் துடைத்துக் கொண்டிருந்ததைப் பார்த்து மாமியார், "கச்சேரியே இல்லை. இதைத் தொடைச்சுத் தொடைச்சு என்னம்மா பண்ணப் போறே? பேசாம வித்துடேன்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஒரு பெரிய லென்ஸை விற்றுத்தான் அந்த வருஷ ஃபீஸ் கட்டினோம். கேமராவையும் ஒரு சின்ன லென்ஸையும் மட்டும் வைத்துக் கொண்டேன். சென்னையின் ஈரக் காற்றில் சும்மா கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடித்து விடும். அதனால், காற்றுப் புகாத டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதற்குள் பத்திரப்படுத்தினேன்.

பிறகு எனக்கு நானே ஒரு கட்டளை போட்டுக் கொண்டேன். தினம் ஒரு படம். அதில் சங்கீதம் இருக்க வேண்டும். வெளியே போகாமல், காசு செலவழிக்காமல் எடுக்க வேண்டும்.

மகள் வயலின் கற்றுக் கொள்கிறாள். காலையில் அவள் சாதகம் செய்யும்போது, ஜன்னலில் என்னவரின் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினேன். வெயில் பால் மாதிரி இறங்கியது. டி.வி. பெட்டியில் வந்த தெர்மோகோல் அட்டையை எதிர்ப்பக்கம் நிறுத்தினால், முகத்தின் நிழல் பக்கமும் தெளிந்து விடும். ஒருநாள் திரையை அவிழ்த்து விட்டு, இருட்டுக் கதவுக்கு முன்னால் அவளை உட்கார வைத்தேன். வில்லில் தடவிய ரோசின், ஒவ்வொரு இழுப்புக்கும் பொடிப் பொடியாகப் பறந்தது அந்தப் பக்க வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. எத்தனையோ வயலின் கச்சேரி எடுத்திருக்கிறேன். மேடை விளக்கில் அந்தத் தூசி என் கண்ணில் பட்டதே இல்லை.

எதிர் வீட்டு மாமி வீணை டீச்சர். பாடமெல்லாம் நின்று போய்த் தவித்துக் கொண்டிருந்தார். மொட்டை மாடியில் ஆறடி தள்ளி நின்று, "மாமி, வீணையை எடுத்துண்டு வாங்களேன்" என்றேன். "என்னைப் போய் யாரும்மா படம் எடுப்பா?" என்று சிரித்தவர், மறுநாள் பட்டுப்புடவையில் வந்து விட்டார்! வீணையில் 24 மெட்டுகள், மெழுகில் பதித்திருக்கும். காலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு மெட்டின் நிழலும் அடுத்த மெட்டைத் தொட்டது. மாமியின் விரல் காய்ப்பும் அதில் தெரிந்தது. எத்தனை வருஷத்து உழைப்பு அந்தக் காய்ப்பில்!

கச்சேரிகள் கம்ப்யூட்டருக்கு வந்தன. 2020 டிசம்பரில் மியூசிக் அகாடமி விழாவே இணையம் வழியாகத்தான் நடந்தது. எங்கள் வீட்டில் லேப்டாப்பைச் சமையல் மேடையில் காபி ஃபில்டர் பக்கத்தில் வைப்போம். மாமியார் கீரை ஆய்ந்தபடியே கேட்பார். ராகம் சூடு பிடித்தால் கீரையை விட்டு விட்டு, முழங்காலில் தாளம் போடுவார். அந்தக் கையைப் படமெடுத்தேன். சபாவில் ரசிகர்கள் என் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள். ஊரடங்குதான் அவர்களை என் முன்னால் கொண்டு வந்தது. "கேமராவை வித்துடேன்" என்றவர், "நான் நல்லா விழுந்திருக்கேனா, காட்டு" என்று கேட்க ஆரம்பித்தார்.

மத்தியான வேளைகளில் பழைய படங்களைப் பிரித்தேன். 12 வருஷப் படங்கள். பத்திரிகையில் வருவது நடுவில் உட்கார்ந்து பாடுபவர் படம்தான். வயலின், மிருதங்கம், கடம், தம்புரா போடுபவர்கள் படமெல்லாம் ஹார்டு டிஸ்கில் தூங்கும். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி ஃபோல்டர் போட்டு, ஆளுக்கு ஒரு நல்ல படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், காசு வாங்காமல். "நானும் வித்வான்தான்னு ஞாபகப்படுத்திட்டேம்மா" என்று ஒரு கட வித்வான் பதில் போட்டார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2021 மே மாதம், இரண்டாவது அலையில், ஒரு மிருதங்க வித்வான் காலமானார். அவர் மருமகள் போன் செய்தாள். "அக்கா, வீட்டுல ஆதார் கார்டு படமும் ஒரு குரூப் போட்டோவும்தான் இருக்கு. மாமா சிரிக்கிற மாதிரி ஒண்ணு இருக்குமா?" பத்தே நிமிஷத்தில் எடுத்து விட்டேன். மிருதங்கத்தை மடியில் சாய்த்து, சின்னக் கல்லால் தட்டிச் சுருதி சேர்த்தபடி, பக்கத்தில் இருக்கும் வயலின்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் படம். முந்தைய வருஷம் அந்த மத்தியானங்கள் எனக்கு வாய்க்காமல் போயிருந்தால், ஆயிரக்கணக்கான படங்களுக்குள் அதைத் தேடிக் கண்டு பிடித்திருப்பேனா? இன்று அவர்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு இருப்பது அந்தச் சிரிப்புதான்.

இதனால் எல்லாம் நான் பணக்காரி ஆகி விடவில்லை. விற்ற லென்ஸைத் திரும்ப வாங்க மூன்று வருஷம் ஆனது. ஆனால் சபாக்கள் மறுபடி திறந்தபோது, என் கை துருப்பிடித்திருக்கவில்லை. 'பக்கவாத்தியக்காரர்களை நன்றாக எடுப்பாள்' என்று பெயர் கிடைத்து, அதற்கென்றே கூப்பிடுகிறார்கள். மேடைக்கு முன்னால் நின்றாலும், நடுநடுவே திரும்பி ரசிகர்களையும் இரண்டு படம் எடுத்து விடுகிறேன்.

சகோதரிகளே, வேலை கொடுப்பவர் இல்லாத நாளிலும் நம் கைத்தொழிலைத் தினம் அரை மணி நேரமாவது தொடுவோம். தைப்பவர் வெட்டுத் துணியில் தைக்கலாம். கோலம் போடுபவர் நோட்டில் போடலாம். காசு வருகிற அன்றுதான் அது வேலை, வராத நாளில் வெட்டிப் பொழுது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, சென்னை-4