கட்டிடங்களின் சக்திச் சேமிப்பு விதிகள்: வாடகைக்கு இருப்போர் நோக்கில் சில குறிப்புகள்

சுற்றாடல், நிலைபேறு, சக்திச் சேமிப்பு என்ற சொற்கள் எழும்போது எம்மவர் மத்தியில் இரண்டு விதமான எதிர்வினைகளைக் காணலாம். இது வசதியுள்ள வெள்ளையரின் பொழுதுபோக்கு, எமக்கு வேறு பிரச்சினைகள் உண்டு என்பது ஒன்று. சிக்கனத்தை எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பது மற்றது. இரண்டாவதில் உண்மை இருக்கிறது. 1990இலிருந்து பல ஆண்டுகள் மின்சாரமின்றிப் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி ஏற்றிய விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது.

ஆனால் அதற்குப் பெயர் சக்திச் சேமிப்பு அல்ல, இல்லாமை. இல்லாமை மனிதரைத் தம் தேவையைச் சுருக்கிக்கொள்ளச் சொல்கிறது. சேமிப்பு என்பது அதே தேவையைக் குறைந்த எரிபொருளில் நிறைவேற்றும்படி கட்டிடத்தையும் அதன் உரிமையாளரையும் கேட்பது. இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொறன்ரோவின் கட்டிட விதிகளை வாசித்தால் ஓர் உண்மை தெரியவரும். கடுமையான விதிகள் இனிமேல் கட்டப்படவிருக்கும் கட்டிடங்களுக்கு உரியவை. நாம் குடியிருக்கும் பழைய மாடிகளைப் பொறுத்தவரை, சேமிப்பின் செலவு யார் தலையில் விழும் என்பதைக் கட்டிடச் சட்டம் தீர்மானிப்பதில்லை, வாடகைச் சட்டமே தீர்மானிக்கிறது. இக்கட்டுரை இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்க முயல்கிறது.

1. வெப்பம் எவ்வாறு வெளியேறுகிறது?

ரொறன்ரோவில் 1945க்கும் 1984க்கும் இடையில் எழுந்த உயர்மாடிக் குடியிருப்புகள் ஆயிரத்துக்கும் அதிகம். சென்ற் ஜேம்ஸ் ரவுண், தோர்ன்கிளிவ் பார்க், பிளெமிங்டன் பார்க் போன்றவை இவ்வகையின. எண்பதுகளில் வந்திறங்கிய எம்மவர் பலரின் முதல் முகவரி இத்தகைய ஒரு மாடியிலேயே இருந்தது. இவற்றுள் பல 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்கு முன்னர், எரிபொருள் மலிவாக இருந்த காலத்தில் கட்டப்பட்டவை. காப்பு மிகக் குறைந்த சுவர், ஒற்றைக் கண்ணாடி யன்னல், கட்டிடம் முழுவதற்கும் ஒரு கொதிகலன் என்பதே பொதுவான அமைப்பு.

இவற்றிலிருந்து வெப்பம் மூன்று முக்கிய வழிகளில் போகிறது. முதலாவது, பல்கனி. வீட்டுக்குள் இருக்கும் கொங்கிறீற் தளமே இடையில் எந்தத் தடையுமின்றி வெளியே நீண்டு பல்கனியாகிறது. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைக் குளிர்விக்க அதைச் சுற்றி உலோகத் தகடுகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜனவரி மாதத்தில் பல்கனிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

இரண்டாவது, யன்னல். நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் யன்னற் கண்ணாடிகளையே பொருத்துகிறோம் என்பதால் இதனைச் சற்று விரித்துச் சொல்லலாம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஓரங்களில் ஒரு சட்டம் வைத்து ஒட்டப்படுகிறது. ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அச்சட்டத்தினுள் இருக்கும். இடைவெளியில் காற்றுக்குப் பதிலாக ஆர்கன் வாயு நிரப்பப்படும். அது காற்றைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஒரு கண்ணாடியின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் பூச்சு இருக்கும். அது அறையின் வெப்பக் கதிர்களை அறைக்கே திருப்பி அனுப்பும். உங்கள் யன்னலில் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே, துடைக்க முடியாதபடி புகார் படிந்திருந்தால், ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, காற்று. சூடான காற்று மேலெழும் என்பதால் மாடிப்படிகளும் லிப்ற் செல்லும் குழிகளும் குளிர்காலத்தில் புகைபோக்கிகளாகின்றன. கீழ்மாடிகள் வெளிக்குளிரை உள்ளிழுக்க, மேல்மாடிகள் சூட்டை வெளியே தள்ளுகின்றன. கீழே ஒரு குடும்பம் கம்பளியால் போர்த்திக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மேலே இன்னொரு குடும்பம் யன்னலைத் திறந்துவைத்திருக்கும். கொதிகலன் இருவருக்குமாக எரிந்துகொண்டிருக்கும். இதில் எவருடைய ஒழுக்கமும் குறைவானதல்ல. குறை கட்டிடத்தினுடையது.

2. புதிய கட்டிடங்களுக்கான விதிகள்

குளிர்நாட்டில் மிகக் குறைந்த எரிபொருளில் வாழலாம் என்பதைக் கனடா நீண்ட காலத்துக்கு முன்னரே காட்டிவிட்டது. 1977இல் றெஜைனா நகரில் கட்டப்பட்ட சஸ்காச்செவான் சேமிப்பு இல்லம், தடித்த காப்பினாலும் காற்றுப்புகாத சுவர்களாலும் வழக்கமான உலையில்லாமலே இயங்கியது. 1991இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்ரட் நகரில் உருவான 'பாசிவ் ஹவுஸ்' முறைக்கு இது முன்னோடிகளில் ஒன்று. அறிவு இங்கு பிறந்தது, நியமமாக வளர்ந்தது அங்கே.

ஒன்ராறியோவின் கட்டிடக்கோவை 2012இலிருந்து புதிய கட்டிடங்களின் சக்தித் தேவைகளை இறுக்கியது. ரொறன்ரோ மாநகரம் அதற்கு மேலாகத் தன் பசுமை நியமத்தை 2006இல் விருப்பத்துக்குரியதாகவும் 2010இல் கட்டாயமானதாகவும் கொண்டுவந்தது. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு மூன்று அளவீடுகளை வைத்தது: ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டொன்றுக்கு ஆகும் மொத்தச் சக்தி, அதில் வெப்பமூட்டலுக்கு மாத்திரம் தேவைப்படும் சக்தி, வெளியேறும் பசுமைஇல்ல வாயு. உயர்மாடிக் குடியிருப்புகளுக்கு இவற்றின் உச்சவரம்பு முறையே 170 கிலோவாற் மணி, 70 கிலோவாற் மணி, 20 கிலோகிராம். 2022இன் நான்காம் பதிப்பு இவற்றை 135, 50, 15 எனக் குறைத்தது.

ஏன் மூன்று? மொத்தச் சக்தியை மாத்திரம் அளந்தால், ஓட்டைக் கட்டிடத்தில் திறமையான கொதிகலனை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடலாம். வெப்பத் தேவையைத் தனியே அளக்கும்போது சுவரும் யன்னலும் பல்கனியும் விசாரணைக்கு வருகின்றன. இயந்திரம் இருபது, முப்பது ஆண்டுகளில் மாறும், சுவரோ அறுபது ஆண்டுகளுக்கு நிற்கும்.

இந்த நியமத்துக்கும் எதிர்ப்பு இல்லாமலில்லை. கட்டிட நிர்மாணம் குறித்து மாநகரங்கள் தனியே உபவிதிகள் இயற்ற முடியாது என்பதை வலியுறுத்தும் திருத்தத்தை, 2025 ஜூனில் 17ஆம் சட்டமூலத்தின் மூலம் மாகாண அரசு கொண்டுவந்தது. வீடுகளை விரைவாகக் கட்டவேண்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம். நகருக்கும் மாகாணத்துக்கும் இடையிலான இந்த இழுபறியில் பேசப்படுவது புதிய கட்டிடங்களே. பழைய மாடிகளில் இருப்போர் இதற்குள் வருவதில்லை.

3. பழைய மாடிகளும் வாடகைச் சட்டமும்

பழைய கட்டிடங்களுக்கும் விதிகள் உண்டு. குளிர்காலத்தில் வீட்டினுள் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது நகர உபவிதி. 2017இல் தொடங்கிய 'றென்ற்சேவ்' திட்டத்தின் கீழ், மூன்று மாடியும் பத்து வீடுகளும் அதற்கு மேலும் கொண்ட வாடகைக் கட்டிடங்கள் பதிவுசெய்யப்பட்டுப் பரிசோதிக்கப்படுகின்றன. ஆனால் 21 பாகை கிடைக்கிறதா என்று கேட்கும் விதி, அதற்காக எவ்வளவு எரிவாயு எரிகிறது என்று கேட்பதில்லை. பெரிய கட்டிடங்கள் தம் சக்திப் பாவனையை ஆண்டுதோறும் அறிவிக்கவேண்டும் என்ற மாகாண விதி 2018இலிருந்து படிப்படியாக வந்தது. அறிவித்தல் வேறு, குறைத்தல் வேறு.

நகரத்தின் பசுமைஇல்ல வாயு வெளியேற்றத்தில் பாதிக்கு மேல் கட்டிடங்களிலிருந்தே வருகிறது. 2040இல் தேறிய வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவது என 2021இல் நகரசபை தீர்மானித்தது. அப்படியானால் இந்த ஆயிரம் மாடிகளும் திருத்தப்பட்டேயாக வேண்டும். பணம் யாருடையது?

இங்குதான் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்துக்கு வருகிறோம். அதன் 126ஆம் பிரிவின்படி, பெரும் மூலதனச் செலவு செய்த உரிமையாளர் ஆண்டு வரம்புக்கு மேலாக வாடகையை உயர்த்த அனுமதி கேட்கலாம். ஆண்டுக்கு 3 வீதம், மூன்று ஆண்டுகளில் 9 வீதம் வரை இது போகலாம். பழுதடையாத ஒன்றை மாற்றிவிட்டு அதற்காக வாடகையைக் கூட்ட முடியாது என்பது பொது விதி. அதற்கு மூன்று விலக்குகள் உண்டு. அங்கவீனருக்கான வசதி, பாதுகாப்பு ஆகியவற்றோடு சக்தி அல்லது நீர்ச் சேமிப்பும் அவற்றில் ஒன்று. அதாவது, நன்றாக இயங்கும் கொதிகலனையும் சேமிப்பின் பெயரால் மாற்றி, அதன் செலவைக் குடியிருப்பாளர்மீது சுமத்த வழி உண்டு. அரசு மானியம் கிடைத்திருந்தால் அதைக் கழிக்கவேண்டும் என்று ஒழுங்குவிதி சொல்கிறது. ஆனால் பின்வரும் ஆண்டுகளில் எரிவாயுச் செலவில் மிச்சமாகும் தொகையைக் கழிக்கும் ஏற்பாடு அக்கணக்கில் இல்லை. வெப்பம் வாடகைக்குள் அடங்கிய கட்டிடத்தில் செலவு குடியிருப்பாளருக்கு, மிச்சம் உரிமையாளருக்கு.

மின்மானியைத் தனித்தனியே பிரிப்பதிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. மின்கட்டணம் தன் தலையில் விழுந்தால் குடியிருப்பாளர் சிக்கனமாக இருப்பார் என்பது வாதம். ஆனால் பழைய குளிர்சாதனப் பெட்டியையும் காற்றுப் புகும் யன்னலையும் அவர் தெரிவுசெய்யவில்லை. ஏற்கெனவே குடியிருப்பவரின் எழுத்துமூலச் சம்மதமும் அதற்கீடான வாடகைக் குறைப்பும் இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்ய முடியாது என்பதை எம்மவர் பலர் அறியாமலே கையெழுத்திடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. வீடு காலியானதும் புதியவரிடம் எவ்வளவு வாடகையும் கேட்கலாம் என்ற நிலை 1998இலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆகவே நீண்டகாலமாகக் குறைந்த வாடகையில் இருப்பவர் வெளியேறுவது உரிமையாளருக்கு இலாபம். திருத்தவேலை எந்த நிறத்தில் வந்தாலும் குடியிருப்பாளர் அஞ்சுவது இதனால்தான். 2017இல் பார்க்டேலிலும் 2023இல் தோர்ன்கிளிவ் பார்க்கிலும் குடியிருப்பாளர் வாடகை கொடுக்க மறுத்துப் போராடியது இந்த வரம்புக்கு மேலான உயர்வுகளுக்கு எதிராகவே. அங்கு நடந்த வேலைகள் எல்லாம் சேமிப்புக்கானவை என்பதல்ல. சட்டப் பொறிமுறை ஒன்றே என்பதுதான் கவனிக்க வேண்டியது.

4. இரண்டு மாடிகள்

ஹமில்ரன் நகரில் 1967இல் கட்டப்பட்ட 18 மாடிக் கென் சோபில் கட்டிடம், நகர வீடமைப்பு நிறுவனத்துக்குச் சொந்தமானது. 146 வீடுகள் கொண்ட அதை இடிக்காமல், வெளிச்சுவருக்குக் காப்புப் போர்த்தி, மூன்றடுக்குக் கண்ணாடி பொருத்தி, பாசிவ் ஹவுஸ் நியமத்துக்கு 2021இல் உயர்த்தினார்கள். குறைந்த வருமானமுடைய முதியோருக்கான வீடுகளாகவே அது மீண்டும் திறந்தது. பழைய மாடியைத் திருத்த முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அது பொதுச் சொத்து, பொதுப்பணம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மற்றது லண்டனில் 1974இல் கட்டப்பட்ட 24 மாடிக் கிறென்வெல். குடிவந்தோரும் அகதிகளும் பெருமளவில் வாழ்ந்த அந்தக் கட்டிடத்துக்கு 2016இல் புதிய மேற்போர்வை இட்டு முடித்தார்கள். வெப்பக் காப்பும் அதன் நோக்கங்களில் ஒன்று. போர்த்திய தகடுகளின் நடுவே எரியக்கூடிய பொலித்தீன் இருந்தது. தீப்பாதுகாப்புக் குறித்துக் குடியிருப்பாளர் எழுப்பிய குரலை எவரும் கேட்கவில்லை. 2017 ஜூன் 14இல் 72 உயிர்கள் போயின. சேமிப்பு வேண்டாம் என்பது இதன் பாடமல்ல. குடியிருப்பவரைக் கேளாமல் அவர் வீட்டின் மேல் எதையும் போர்த்தக்கூடாது என்பதே பாடம்.

அப்படியானால் இருப்பதை இருக்கிறபடியே விட்டுவிடலாமா? 2021 கோடையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அடித்த வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 வீதத்தினர் வீட்டுக்குள்ளேயே வெப்பத்துக்கு உள்ளானவர்கள், பெரும்பாலோர் முதியவர்கள். குளிரைத் தடுக்காத சுவர் வெயிலையும் தடுக்காது. எங்கள் தாய்தந்தையர் பகல் முழுவதும் தனித்திருப்பது இத்தகைய மாடிகளில்தான்.

5. கேட்கவேண்டியவை

ஆகவே சேமிப்பு விதிகளை எதிர்ப்பதோ, அவை எமக்குரியவை அல்ல என்று ஒதுங்குவதோ சரியான நிலைப்பாடல்ல. அவை போதாதவை, பாதியில் நிற்பவை என்பதே எனது கருத்து. எமது மாடியில் திருத்தவேலை அறிவிக்கப்படும்போது கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. பெற்ற மானியம் கழிக்கப்பட்டதா? வேலைக்கு முன்னும் பின்னும் எரிவாயுச் செலவு என்ன? பயன்படுத்தும் பொருள் எரியுமா? வெளியேற வேண்டிவந்தால் அதே வாடகையில் திரும்பி வரலாமா? இவற்றைத் தனியாகக் கேட்பவருக்குப் பதில் கிடைப்பதில்லை. பார்க்டேலில் உரிமையாளர் இறங்கிவந்தது குடியிருப்பாளர் சேர்ந்து நின்றபோதுதான்.

சட்ட அளவில் கோரவேண்டியது ஒன்று: சேமிப்பின் பெயரால் வாடகையை உயர்த்தக் கேட்பவர், மிச்சமாகும் எரிபொருட் செலவையும் அந்தக் கணக்கில் காட்டவேண்டும். ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் எம்மிடையே குடியிருப்பாளர் சங்கத்தில் இருப்பவர் எத்தனை பேர்? எமது அரசியல் அக்கறைகள் விமான நிலையத்துக்கு அப்பால் மாத்திரம் தொடங்க வேண்டுமா என்ற கேள்வியையும் இதனோடு சேர்த்து வாசகர்கள் விவாதிக்கலாம்.