விதி மாறினால் மட்டையும் மாறும்

காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு மல்பெரியைப் பற்றி ஒருவர் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன் இலையைத் தின்று வளரும் புழுவின் கூட்டிலிருந்து எடுத்த நூல்தான் கர்நாடகத்திலிருந்து வந்து நம்மூர்த் தறிகளில் சேலையாகிறது. ஆனால் அதே மல்பெரியின் கட்டை வேறொரு வழியில் இத்தேசத்துக்குக் கீர்த்தி தேடித் தந்ததை நம் பிள்ளைகள் பலர் அறியார். நெடுங்காலம் உலகத்தின் சிறந்த ஹாக்கி மட்டைகள் மல்பெரி மரத்தினால் செய்யப்பட்டன. அது வளைத்தால் முறியாது. பந்தின் அதிர்ச்சியையும் தாங்கும். அம்மட்டைகளுக்கு முதலில் சியால்கோட் நகரம் பெயர் பெற்றிருந்தது. 1947-ல் தேசம் பிரிக்கப்பட்டபோது அங்கிருந்து வந்து குடியேறியவர்கள் அத்தொழிலை ஜலந்தரில் நிலைநாட்டினார்கள்.

அந்த மட்டையைக் கொண்டு நம்மவர்கள் செய்த சாதனை சாமானியமானதல்ல. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக் பந்தயங்களிலும் ஹாக்கித் தங்கம் இந்தியாவுக்கே கிடைத்தது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே, 1948-ல், லண்டன் மாநகரில் பிரிட்டனையே நாலுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்றதை நினைக்கும்போது இன்றும் நமக்கு மெய்சிலிர்க்கிறது.

இன்றோ உலகப் பந்தயங்களில் மல்பெரி மட்டையைக் காண முடியாது. கண்ணாடி இழையும் கார்பன் இழையும் கலந்து வார்த்த மட்டையே எல்லோர் கையிலும் இருக்கிறது. இந்த மாறுதல் எப்படி வந்தது? தச்சர்களின் கைத்திறன் குன்றிவிடவில்லை. ஆட்டத்தின் விதிகள் மாறின. விதிகளைப் பின்தொடர்ந்து கருவிகளும் மாறின. அந்தக் கதையைச் சற்றே விவரிப்போம்.

முதலாவது, தரை. 1975-ம் ஆண்டு மார்ச்சு மாதம் கோலாலம்பூரில், புல்தரையில், இந்தியா பாகிஸ்தானை இரண்டுக்கு ஒன்று என்று வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. சென்னை ஆட்டக்காரர்களான வி. ஜே. பிலிப்ஸும் வாசுதேவன் பாஸ்கரனும் அக்கோஷ்டியில் இருந்தார்கள். உலகச் சாம்பியனாகச் சென்ற இந்தியா ஏழாம் ஸ்தானத்தோடு திரும்பியது. 1928 முதல் ஒலிம்பிக்கில் நாம் பதக்கமின்றித் திரும்பியது அதுவே முதல் தடவை.

ஓராண்டுக்குள் நம்மவர்கள் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா? இல்லை. மேடு பள்ளமான புல்தரையில் பந்து துள்ளும். அதை மணிக்கட்டின் நயத்தால் அடக்கி, எதிரியை ஏமாற்றிக் கொண்டுபோவது நம் வித்தை. செயற்கைத் தரையிலோ பந்து கோடு கிழித்தாற்போல் ஓடும். அங்கே வேகமும் தேக பலமும் நெடுந்தூர அடியும் முன்னுக்கு வந்தன. மட்டையைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பந்தைத் தடுக்கவும் முடிந்தது. அதற்கேற்ப 1980-களில் ஹாலந்து நாட்டில் கொக்கி போல் நன்றாக வளைந்த தலையுடைய மட்டை தோன்றியது. ஒரே கட்டையை அவ்வளவு குறுகலாக வளைக்க மல்பெரியும் இடங்கொடாது. ஆகவே மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்யும் முறை வந்தது; பின்னர் இழைகளை வார்க்கும் முறை வந்தது.

மாஸ்கோவில் 1980-ல் பாஸ்கரன் தலைமையில் இதே செயற்கைத் தரையில் தங்கம் வென்றோமே என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்பெயினை நாலுக்கு மூன்று என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பல தேசங்கள் அந்தப் பந்தயத்தைப் பகிஷ்கரித்ததால் ஆறு கோஷ்டிகளே ஆடின என்பதையும் மறைக்கலாகாது. இரண்டே ஆண்டுகளில், 1982-ல், டில்லி ஆசியப் பந்தயத்தில் பாகிஸ்தானிடம் ஒன்றுக்கு ஏழு என்று தோற்றோம். 2008-ல் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளும் தகுதியையே இழந்தோம்.

இரண்டாவது உதாரணம் இன்னும் ருசிகரமானது. பெனால்டி கார்னரில் பந்தை ஓங்கி அடித்தால், அந்த முதல் அடி கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்று விதி இருக்கிறது. அதாவது, நம் வழக்கில் ஒரு முழ உயரம். பாய்ந்து வந்து தடுப்பவர்களுக்குக் காயம் நேராமலிருக்கவே இந்தக் கட்டுப்பாடு. ஆனால் விதியிலே 'அடி' என்றுதானே இருக்கிறது? பந்தை அடிக்காமல், மட்டையில் ஏந்தி இழுத்து வீசினால்? வீசும் பந்துக்கு முழக் கணக்கு இல்லை. இந்த யுக்தியே 'டிராக் பிளிக்' என்று பிரசித்தியாயிற்று.

இழுத்து வீசுவதற்கு மட்டையின் உடம்பு வில் போல் வளைந்திருந்தால் வேகம் கூடும். கார்பன் இழையை எப்படி வேண்டுமானாலும் வளைத்து வார்க்கலாம் அல்லவா? மட்டைகள் மேலும் மேலும் வளைந்தன. உடனே விதி மறுபடியும் குறுக்கிட்டது. வளைவு 25 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, அதாவது சுமார் ஓர் அங்குலம். மட்டை முழுவதும் 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தினுள் நுழைந்து வர வேண்டும். நிறை 737 கிராமைத் தாண்டக் கூடாது. இதற்கிடையில், உயரே பறந்து வரும் பந்துக்கு அஞ்சித் தடுப்பவர்கள் முகக்கவசம் தரித்தார்கள். கோல் காப்பவரின் பழைய காலுறைகள் போய்த் தடித்த நுரைப் பட்டைகள் வந்தன. காயத்தைத் தவிர்க்க எழுதிய ஒரு விதி புதியதோர் ஆயுதத்தையும், அதற்கெதிரான கவசங்களையும், அவற்றுக்கான மேலும் சில விதிகளையும் பெற்றெடுத்தது!

இந்த யுக்தியை நம்மவர்களும் கற்றுத் தேர்ந்தார்கள். 2024-ல் பாரிஸில் ஹர்மன்பிரீத் சிங் போட்ட பத்துக் கோல்களும் பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 ஆண்டுகளுக்குப் பின் பதக்கம் பெற்ற இந்தியா, பாரிஸிலும் வெண்கலம் பெற்றது. ஒடிஷா ராஜ்யம் சுந்தர்கர் மாவட்டத்தில் பல இடங்களில் செயற்கைத் தரை அமைத்தது. நம் மாகாணத்தில் கோவில்பட்டியில் அத்தகைய தரை இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-ல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். தரை கிடைத்த இடத்தில் ஆட்டக்காரர்கள் தோன்றுகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இங்கேதான் உபாத்தியாயர்களான நமக்கு ஒரு கவலை பிறக்கிறது. மரமட்டையும் மண் மைதானமும் போதும் என்றிருந்த காலத்தில் ஏழைப் பிள்ளையும் துணிந்து இறங்கினான். இன்றைய விதி கேட்கும் தரைக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். அதன் மேல் ஆட்டத்துக்கு முன் தண்ணீரும் தெளிக்க வேண்டும். 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடிநீருக்காக ஜனங்கள் குடத்தோடு காத்திருந்ததைக் கண்டவர்கள் நாம். அவ்வித ஊரில் மைதானத்துக்கு நீர் பாய்ச்சுவது யாருக்குச் சம்மதம்?

நல்ல வேளையாக, நீரின்றி ஆடத்தக்க தரையை நோக்கிச் செல்வதென்று சர்வதேச ஹாக்கி சம்மேளனம் தீர்மானித்திருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கென உருவாக்கிய, குறைந்த நீரே வேண்டும் தரை 2023-லேயே சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் விரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையை அத்தரையில் இந்தியாவே வென்றது.

ஆகவே, அடுத்த மாறுதலும் வாசலில் வந்து நிற்கிறது. 1976-ல் புதிய தரை வந்தபோது நாம் ஆயத்தமாக இருக்கவில்லை. அதற்குக் கொடுத்த விலை நான்கு தசாப்தம். இம்முறை தலைநகரில் ஒரு மைதானத்தோடு நின்றுவிடாமல், மாவட்டத்துக்கு ஒன்றேனும் அமைத்து, சுற்றுப்புறப் பள்ளிப் பிள்ளைகள் கட்டணமின்றி ஆட வழி செய்தல் வேண்டும். பதக்கம் வந்த அன்று பட்டாசு வெடிக்கும் பெற்றோர்கள், நகரசபை அங்கத்தினர் ஓட்டுக் கேட்டு வரும் அன்று, "எங்கள் பிள்ளைகள் ஆட மைதானம் எங்கே?" என்று கேட்கத் தொடங்கினால் பாதி காரியம் ஆனதாகவே கொள்ளலாம்.